வீட்டு ஓனர் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வருகிறார், என்ன செய்யலாம்?

மாடிவீடு:
ஓனர் கீழ்த்தளத்தில் இருக்கிறார், நாங்கள் மாடியில். வாடகை தேதி தவறாமல் போகிறது, ஒப்பந்தம் முடிய இன்னும் காலம் இருக்கிறது. ஆனாலும் மனிதர் தன்னிடம் உள்ள சாவியால் திறந்துகொண்டு நேரே உள்ளே வந்துவிடுகிறார். ஒரு தடவை குழாய் பார்க்க, இன்னொரு தடவை வீட்டை விலை பேச வந்தவர்களுக்குக் காட்ட, போன வாரம் மனைவி தனியாக இருந்தபோது காரணமே இல்லாமல். கேட்டால் "என் வீட்டுக்குள் வர நான் யாரைக் கேட்க வேண்டும்?" என்கிறார். வாக்குவாதம் ஆன மறுநாள் தண்ணீரை நிறுத்திவிட்டார். இது போதாதென்று பக்கத்து வீட்டில் நடு ராத்திரி வரை பாட்டுச் சத்தம். ஒப்பந்தத்தில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அப்படியென்றால் எங்களுக்கு உரிமையே கிடையாதா? பேசாமல் வாடகையை நிறுத்திவிட்டால் வழிக்கு வருவாரா?

சட்டம்_படித்தவள்:
வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் உங்கள் கையில் இருக்கும் பலமே அதுதான். எந்த ஊர் என்று எழுதவில்லை, அதனால் இந்தியா என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108வது பிரிவில் சி உட்பிரிவைப் பாருங்கள். வாடகையை ஒழுங்காகக் கொடுத்து, ஒப்பந்தப்படி நடந்துகொள்கிறவர் குத்தகைக் காலம் முழுக்க இடையூறில்லாமல் அந்த இடத்தை வைத்திருக்கலாம் என்று உரிமையாளர் வாக்குக் கொடுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஒப்பந்தத்தில் எழுதவில்லையே என்று பயப்பட வேண்டாம், அதற்கு மாறாக எதுவும் எழுதி நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால்தான் சிக்கல். ஆனால் அந்த வாக்கு வாடகை கொடுப்பவருக்கு. நிறுத்தினால் கோர்ட்டில் அவர் எடுத்துவைக்கும் முதல் விஷயமே அதுவாக இருக்கும்.

அதற்காக அவர் வரவே கூடாது என்றும் சொல்ல முடியாது. அதே பிரிவு, நியாயமான நேரத்தில் வந்து வீட்டின் நிலையைப் பார்க்க அவரை அனுமதிக்கிறது. வேறு சாவி போட்டுத் திறந்துகொண்டு நினைத்த நேரத்தில் நுழைவது அதில் அடங்காது. தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் இன்னும் தெளிவு: 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும், எதற்கு வருகிறார் என்பதோடு.

தண்ணீர் விஷயம்தான் இருப்பதிலேயே மோசம். சண்டை என்னவாக இருந்தாலும் தண்ணீர், மின்சாரம் மாதிரியான அத்தியாவசிய வசதிகளைத் தடுக்க அந்தத் தமிழ்நாட்டுச் சட்டம் இடம் தருவதில்லை, வாடகை நீதிமன்றத்துக்கே போகலாம். இங்கிலாந்தில் 1953இலேயே, குடியிருப்பவரை விரட்ட எரிவாயுவையும் மின்சாரத்தையும் வெட்டியது, இடையூறில்லாமல் குடியிருக்கும் உரிமையை மீறியதுதான் என்று தீர்ப்பு வந்துவிட்டது.

தூக்கம்_வராதவன்:
பக்கத்து வீட்டுப் பாட்டை இதோடு சேர்க்காதீர்கள். அந்த வீடு உங்கள் ஓனருடையது இல்லை என்றால் அவரிடம் கேட்டுப் பயனில்லை. 1999இல், அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை முன் இப்படி ஒரு வழக்கு வந்தது, சுவர் வழியாகப் பக்கத்து வீட்டுச் சத்தம் அப்படியே கேட்கிறது என்று. இரண்டு வீடுமே உள்ளாட்சிக்குச் சொந்தம், அப்படியும் சாதாரணமாகக் குடியிருப்பதால் வரும் சத்தத்துக்கு வீட்டுக்காரர் பொறுப்பில்லை என்றுதான் முடிந்தது. பாட்டுக்கு வேறு வழி உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு, அதைச் சொல்லி போலீஸில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

கனடா_வாடகை:
நான் ஒன்டாரியோவில் வீடு வாடகைக்கு விடுகிறவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். இங்கே 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும், காலை 8 முதல் இரவு 8 வரைதான் வரலாம். குழாய் வெடித்தது, தீப்பிடித்தது என்றால் உடனே நுழையலாம், அதை எந்தக் குடித்தனக்காரரும் தப்பாக நினைப்பதில்லை. வாடகைக்கு விட்ட நாளிலிருந்து சொத்து நம்முடையது, குடியிருக்கும் உரிமை அவர்களுடையது. அந்த வீட்டில் ஒரு பெண் தனியாக இருக்கும்போது கதவைத் திறந்துகொண்டு ஒருவர் உள்ளே வந்து நிற்பது எவ்வளவு பயமாக இருக்கும் என்று உங்கள் ஓனரிடம் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

சட்டம்_படித்தவள்:
ஒன்று விட்டுப்போனது. உங்கள் தாள் வாடகை ஒப்பந்தமா, லீவ் அண்ட் லைசென்ஸா என்று பாருங்கள். லைசென்ஸ் என்றால் தங்க அனுமதி மட்டும்தான், நான் சொன்ன 108வது பிரிவு அப்படியே பொருந்தாது. தலைப்பு மட்டும் முடிவு செய்வதில்லை, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதையும் கோர்ட் பார்க்கும்.

மாடிவீடு:
வாடகை ஒப்பந்தம்தான், பார்த்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி. இன்று தேதி வாரியாக எழுதி வாட்ஸ்அப்பிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புகிறேன். தண்ணீர் நின்ற நாளைத் தனியாகக் குறிப்பிடுகிறேன். அதுவரை பூட்டை மாற்றிவிடலாமா?

சட்டம்_படித்தவள்:
இப்போதைக்கு உள்தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளுங்கள், வீட்டில் இருக்கும்போது அது போதும். பூட்டை மாற்ற ஒப்பந்தத்தில் தடை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கடிதத்துக்கு அவர் என்ன பதில் சொல்கிறார் என்று தெரிந்தபின் செய்யுங்கள். பழைய பூட்டைத் தூக்கிப் போட வேண்டாம், காலி செய்யும்போது திருப்பி மாட்ட வேண்டும்.