பொய் பில் எழுத மாட்டேன் என்று முதலாளியிடம் எப்படிச் சொல்வது?

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். திருகோணமலையில் ஒரு ஹாட்வெயார் கடையில் பில் எழுதுகிறேன். சில கொந்தராத்துக்காரர்கள் 20 பை சீமெந்து எடுத்துவிட்டு 25 என்று எழுதிக் கேட்பார்கள். முதலாளியும் "எழுதிக் குடு தங்கச்சி" என்பார். போன சனிக்கிழமை எழுதிக் கொடுத்தேன். காபன் தாளைத் தூக்கினால் அடியிலும் என் கையெழுத்தில் அதே 25. மறுநாள் ஆலயத்தில் திருவிருந்து (அப்பமும் ரசமும்) எடுக்கக் கை நீளவில்லை. பைபிளில் வரும் வரி வசூலிப்பவரான சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். நான் யாரிடம் கொடுப்பது? அந்தப் பில்லுக்குக் காசு கொடுக்கிற, வீடு கட்டுகிறவர் யாரென்றே தெரியாது.

முதலாளி என் அம்மாவின் மருந்துக்கு முற்பணம் தந்த மனுசர். அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? கடைகளில் வேலை செய்து இதைக் கடந்து வந்த அக்காமார், அண்ணாமார் சொல்லுங்கள். ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறேன், உங்கள் அனுபவமும் வேண்டும். அப்புறம், உப்புவெளி, உவர்மலைப் பக்கம் கணக்கு வேலை ஏதும் இருந்தால் அறியத் தாருங்கள்.