மறுமொழி: போஸ்ட்டாக்குக்கு ‘முதுமுனைவர்’ சரியா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். பிஎச்டி முடித்தபின் பார்க்கும் ஆய்வு வேலையான ‘போஸ்ட்டாக்’குக்கு (postdoc) நாம் தேடும் தமிழ்ச்சொல் பற்றி.

> ‘முதுமுனைவர்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. புதுச்சொல் எதற்கு?

ஐயா, எனக்கு ஒப்பவில்லை. நான்கு ஆண்டாக அந்த வேலையில்தான் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் உரிமையோடு மறுக்கிறேன்.

பொங்கலுக்குக் கரும்பு வாங்கச் சிங்கப்பூர்த் தேக்கா சந்தைக்குப் போயிருந்தபோது பெரியம்மா தம் தோழியிடம் என்னை இப்படி அறிமுகப்படுத்தினார்: “பிஎச்டி முடிச்சிருச்சு, இப்ப அதுக்கும் மேல ஒன்னு படிக்குது.” நான் எதுவும் படிக்கவில்லை. சம்பளம் வருகிறது, மத்திய சேம நிதிக்குப் பிடித்தம் போகிறது. ‘முதுகலை’யின் சாயலில் ‘முதுமுனைவர்’ என்றால் பெரியம்மா சொன்னதே சரி என்றாகிவிடும். முதுகலை என்பது பட்டம், இது வேலை. முனைவர் பட்டம் பெற்றவர், தமக்கென ஓர் ஆய்வுக்குழு அமைக்கும் முன், வேறொருவர் குழுவில் ஒப்பந்தத்தில் பார்ப்பது. இங்கே நியமனக் கடிதத்தில்கூடப் பெரும்பாலும் ‘ரிசர்ச் ஃபெலோ’ என்றுதான் இருக்கும்.

என் துறை உணவும் நீரிழிவும் இதயமும். காலை எட்டு மணிக்கு, இரவெல்லாம் பட்டினி கிடந்த ஒருவர் வந்து உட்காருவார். ரத்தச் சர்க்கரையைப் பார்க்க விரலில் குத்தி முதல் சொட்டு ரத்தம். அப்புறம் 50 கிராம் மாவுச்சத்து வரும்படி எடைபோட்ட வெறும் சோறு. (“தொட்டுக்கச் சம்பல்கூட இல்லையா?” என்று கேட்காத ஆள் அபூர்வம்.) முதல் மணி நேரத்தில் கால் மணிக்கு ஒரு குத்து, அடுத்த மணியில் அரை மணிக்கு ஒன்று. குத்துவது தாதியும் ஆய்வு மாணவரும். எந்த அரிசியை யாருக்கு எந்த வரிசையில் தருவது, எத்தனை பேர் வேண்டும், அறநெறிக் குழு கேட்ட கேள்விக்கு என்ன பதில், கட்டுரை எப்போது முடியும் என்பதெல்லாம் என் தலையில். முக்கால் தலைமை, கால் மாணவர். சோதனை மூன்றாண்டு ஓடும், என் ஒப்பந்தமோ ஓராண்டுதான். அந்தப் புலம்பலுக்குத் தனி மடல் வேண்டும்.

> அப்படியானால் ‘பின்முனைவர்’?

‘பின்நவீனத்துவம்’ பழகியவர்களுக்குச் சரி. மற்றவர்கள் காதில் பின்தங்கிய முனைவர் என்றுதான் விழும்.

> ‘தொடராய்வாளர்’ எப்படி, தங்கச்சி?

அண்ணா, கேட்டதும் எனக்குப் பிடித்த சொல் அதுதான். ஆனால் எங்கள் துறையிலேயே முட்டுகிறது. 1993இல் தொடங்கிய சிங்கப்பூர்ச் சீனர் உடல்நல ஆய்வு 63,000க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து, யாருக்கு எந்த நோய் வருகிறது என்று ஆண்டுக்கணக்காகப் பார்த்து வந்தது. அந்த மாதிரி ஆய்வைத்தானே ‘தொடராய்வு’ என்போம்? நாங்கள் செய்வது வேறு: ஒரு சாராருக்கு இந்த உணவு, மறுசாராருக்கு அந்த உணவு என்று நாமே பிரித்துக் கொடுத்துப் பார்ப்பது. சோதனை செய்கிறவரைத் ‘தொடராய்வாளர்’ என்றால் படிப்பவர் குழம்புவார்.

என் பரிந்துரை ‘முனைவர்நிலை ஆய்வாளர்’. ‘பட்டதாரி ஆசிரியர்’ போல, தகுதி முன்னே, வேலை பின்னே.

> ‘முனைவர் பட்ட ஆய்வாளர்’ என்று பிஎச்டி மாணவரைச் சொல்கிறோமே. குழப்பம் வராதா?

வரும். நியாயமான கேள்வி, இதற்கு முழு விடை என்னிடம் இல்லை. மாணவரை ‘ஆய்வு மாணவர்’ என்றே எழுதினால் பாதிக் குழப்பம் போய்விடும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் அப்படித்தான் பேசுகிறோம். மீதிப் பாதிக்கு யாராவது நல்ல வழி சொன்னால் என் சொல்லை விட்டுக்கொடுக்கவும் தயார். ஞாயிற்றுக்கிழமை வரை பார்த்துவிட்டுப் பட்டியலில் சேர்க்கிறேன்.

அடுத்த சொல் ‘கார்டியோமெட்டபாலிக்’, அதாவது இதயத்தையும், உடல் உணவைப் பயன்படுத்தும் விதத்தையும் (வளர்சிதைமாற்றம்) சேர்த்துச் சொல்வது. ‘இதயவளர்சிதைமாற்ற’ என்று தயவுசெய்து யாரும் அனுப்ப வேண்டாம். ஒப்புதல் படிவத்தில் அதை வாய்விட்டுப் படித்துக்காட்ட வேண்டியது நான்தான். வளர்சிதைமாற்றத்துக்கு இலங்கை நண்பர்கள் பள்ளியில் படித்த ‘அனுசேபம்’ சின்னதாக இருக்கிறது, ஆனால் இங்கே யாருக்கும் தெரியாது. ‘சர்க்கரை, கொழுப்பு, இதயம்’ என்று மூன்றையும் பிரித்தே சொல்லிவிட்டால் என்ன?