சொஃப்ட்னர் வழியாக வரும் தண்ணீரின் அமுக்கம் குறைகிறது

கேள்வி (கல்லடி):
வணக்கம். எங்கள் கிணற்று நீர் வன்னீர் என்பதால், மேல்தாங்கியிலிருந்து வீட்டுக்குள் இறங்கும் குழாயில், நீரை மென்னீராக்கும் சொஃப்ட்னர் கருவி ஒன்றைப் பூட்டியிருக்கிறோம். தொடக்கத்தில் ஓரளவு வந்த தண்ணீர், இப்போது மாடிக் குளியலறைச் சவரில் நூலாக மெலிந்துவிட்டது. பூட்டியவர் வந்து, சொஃப்ட்னருக்கு முன்னும் பின்னும் அமுக்கமானி ஒரே அளவைக் காட்டுவதால் பழுதில்லை என்று கூறிச் சென்றார். வேறு எதைப் பார்க்க வேண்டும்?

மறுமொழி (காத்தான்குடி):
குழாய்களை மூடி வைத்து அளந்திருந்தால் அந்த அளவில் பயனில்லை, தம்பி. தண்ணீர் ஓடாதபோது, உள்ளே றெசின் (கல்சியத்தைப் பிடிக்கும் சிறு மணிகள்) எவ்வளவு அடைத்திருந்தாலும் இரு பக்கமும் ஒரே அமுக்கம்தான் இருக்கும். கீழ்க்குழாய் ஒன்றை முழுதாகத் திறந்துவிட்டு அளந்து பாருங்கள். பிறகு, தண்ணீர் சொஃப்ட்னருக்குள் போகாமல் செல்லும்படி பைபாஸ் வால்வைத் திருப்பி, இரு முறையும் ஒரே வாளி நிரம்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று ஒப்பிடுங்கள்.

கேள்வி (கல்லடி):
செய்து பார்த்தேன், நானா. பைபாஸில் விட்டால் வாளி பாதி நேரத்திலேயே நிரம்பிவிடுகிறது. இன்னொன்று, உப்புத் தொட்டியில் போட்ட உப்பு போட்டபடியே கிடக்கிறது. கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவும் மறுபடி கட்டுகிறது.

மறுமொழி (களுவாஞ்சிகுடி):
உப்புக் குறையாததில்தான் விடை இருக்கிறது. 10 மீற்றர் உயர நீர் ஏறக்குறைய 1 பார் அமுக்கம் தரும். உங்கள் தாங்கி சொஃப்ட்னருக்கு 5 மீற்றர் மேலே இருந்தால் கிடைப்பது அரை பார்தான். வீட்டுச் சொஃப்ட்னர்கள் பெரும்பாலும் 1.5 முதல் 2 பார் வரையாவது கேட்பவை. உப்புநீரைத் தொட்டியிலிருந்து உறிஞ்சுவது ஒரு சிறு துளை வழியே விரைந்து பாயும் நீரின் வேலை. அந்த விரைவு இல்லாவிட்டால் உப்பு தொட்டியிலேயே கிடக்கும், கல்சியம் பிடித்த றெசினும் அந்த உப்புநீரால் புதுப்பிக்கப்படாது. நீரைக் கீழிருந்து மேலாகச் செலுத்தும் பின்னோட்டக் கழுவலும் றெசின் மணிகளைக் கிளப்பாததால், மணலும் இரும்புக் கசடும் இடையில் இறுகி, இருந்த அமுக்கத்தையும் தின்றுவிடுகின்றன. அள்ளும்போது தெளிவாக இருக்கும் உங்கள் நீர் வாளியில் நின்றபின் மஞ்சளிக்குமானால், இரும்பு உண்டென்று கொள்ளலாம். அதற்கு உப்பு மட்டும் போதாது, றெசின் துப்புரவாக்கியும் வேண்டும்.

சொஃப்ட்னரை, மோட்டாரிலிருந்து தாங்கிக்கு ஏறும் குழாய்க்கு மாற்றுங்கள். மோட்டார் தள்ளும் அளவு கருவியின் கொள்ளளவுக்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தாங்கிக்குக் கீழே பூஸ்டர் மோட்டார் வைப்பதும் ஒரு வழிதான், ஆனால் மின்சாரம் போனால் மாடிக்குத் தண்ணீர் ஏறாது என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை.

கேள்வி (கல்லடி):
அப்படி மாற்றினால் மோட்டார் ஓடாத நேரத்தில் கழுவல் எப்படி நடக்கும்?

மறுமொழி (களுவாஞ்சிகுடி):
நடக்காது. பல கருவிகளில் அது அதிகாலை 2 மணிக்கு அமைக்கப்பட்டிருக்கும். நீங்கள் மோட்டார் போடும் நேரத்துக்கு மாற்றி, கழுவல் முடியும்வரை அதை நிறுத்தாதீர்கள். தோட்டக் குழாயைச் சொஃப்ட்னருக்கு முன்னாலேயே பிரித்துவிடுங்கள், சோடியம் கூடிய நீர் செடிகளுக்கு ஆகாது.