‘அப்ஜது’ எழுத்துமுறைக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புடையீர்,

எழுத்தின் வரலாறு பற்றிக் கல்லூரி மாணவர்களுக்கான நூலொன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் மூன்றாம் இயலை அச்சுக்குத் தர வேண்டும். பண்டைய மத்தியதரைக் கடலோர வணிகரான பினீசியரின் 22 எழுத்துகளும் மெய்களே. உயிரொலியைப் படிப்பவர்தாம் இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். இத்தகைய முறைக்கு மொழியியலாளர் பீட்டர் டேனியல்ஸ் 1990இல் ‘அப்ஜது’ என்று பெயரிட்டார். கிரேக்கத்தில்போல் உயிரும் மெய்யும் தனித்தனி எழுத்தாக நிற்பதே அவர் வகைப்பாட்டில் ‘அல்பபெட்’. நம்முடையதுபோல் மெய்வடிவத்தோடு உயிர்க்குறி ஒட்டிவரும் மூன்றாம் வகைக்கு ‘உயிர்மெய் எழுத்துமுறை’ என்று எழுதிவிட்டேன். முதலிரண்டுக்கும் ‘மெய்யெழுத்துமுறை’, ‘நெடுங்கணக்கு’ என்பவை பொருந்துமா?

*

ஐயா,

நெடுங்கணக்கு என்பது எழுத்துகளின் வரிசை, எழுத்துமுறையின் வகையன்று. ‘மெய்யெழுத்துமுறை’ அதைவிடத் தவறான இடத்துக்கு இட்டுச்செல்லும். ‘மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்’ என்று தொல்காப்பியம் சொன்ன நாள்முதல் நமக்கு மெய்யென்றால் உயிர் நீங்கிய ஒலி. ‘பேத்’ என்னும் பினீசிய எழுத்து அப்படிப்பட்டதன்று. சொல்லுக்கேற்ப ப, பி, பு என்றும், சில இடங்களில் ப் என்றும் ஒலிக்கும். எகிப்தின் சினாயில் செராபித் எல்-காதிம் என்னும் பசுநீலக்கல் (டர்க்காய்ஸ்) சுரங்கப் பகுதியில் 1905இல் தொல்லியலாளர் பெட்ரி கண்டெடுத்த கல்வெட்டுகளையே பாருங்கள். வீடு, கண், தாற்றுக்கோல், சிலுவைக்குறி என நான்கு வடிவங்கள் அவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. அக்கல்வெட்டுகளின் மொழியில், அதாவது எபிரேயம், அரபு ஆகியவற்றுக்கு இனமான செமிட்டிய மொழியொன்றில், அப்பொருள்களின் பெயர்கள் எந்த ஒலியில் தொடங்கினவோ அவ்வொலிகளையே அவ்வடிவங்கள் குறித்தன என்று கொண்டு, 1916இல் எகிப்தியல் அறிஞர் கார்டினர் அவற்றைப் ‘பாலத்’, அதாவது ‘தலைவி’, என்று படித்தார். அச்சொல்லின் உயிரொலிகள் கல்லில் இல்லை. படித்தவர் நாவில் இருந்தன. ஆகவே உயிர் இல்லை என்பதைவிட மறைந்து நிற்கிறது என்பதே உண்மை. ‘உயிர்மறை எழுத்துமுறை’ என்று ஆளலாம். ‘உயிர்மெய்’ என்ற பழஞ்சொல்லோடு அது இணையாகவும் நிற்கும்.

கிரேக்கர், தம் மொழிக்குத் தேவைப்படாத தொண்டையொலியாகிய ‘ஆலெஃப்’ எழுத்தை ‘ஆல்பா’ என்னும் உயிராக்கினர். மேற்சொன்ன கண் வடிவத்தை ஒகரத்துக்கு வைத்துக்கொண்டனர். உயிர் அங்கே மெய்யோடு ஒரே நிரையில் வந்து நின்றது. எனவே ‘அல்பபெட்’டை ‘உயிர்நிரை’ எனலாம்.

*

அம்மா,

‘உயிர்மறை’ கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் மறை என்றதும் நம்மவர்க்கு வேதம்தான் நினைவுக்கு வரும். மேலும் எபிரேயமும் அரமேயமும் வாவ், யோத் முதலிய மெய்வடிவங்களைக் கொண்டே நெட்டுயிர்களைக் காட்டியுள்ளன. அங்கே உயிர் பாதி வெளிப்பட்டே நிற்கிறது. இவ்வளவு வருந்தி ஏன் புதுச்சொல் படைக்க வேண்டும்? ‘அப்ஜது’ தமிழ் முஸ்லிம்களுக்கு அயற்சொல் அன்று. 786 என்ற எண் பிஸ்மில்லாவைக் குறிப்பது, எழுத்துகளுக்கு எண்மதிப்புத் தந்து கூட்டும் அந்த அப்ஜது கணக்கினால்தானே? இன்று மதரசாவில் கற்பிக்கும் அலிஃப், பே, தே வரிசை பிற்காலத்தது. அலிஃப், பே, ஜீம், தால் என்னும் அப்ஜது வரிசையோ பினீசியரின் ஆலெஃப், பேத், கீமெல், தாலெத் வரிசையைக் காத்து வைத்திருக்கிறது. எழுத்து பரவிய வழியையே தன்னுள் கொண்ட சொல்லை விலக்குவது மாணவர்க்கு இழப்பு.

*

ஐயா,

சொல்லின் வரலாற்றை ஒப்புகிறேன். கிரந்த ஜகரத்தை ஒப்பவில்லை. கொள்வதானால் ‘அப்சது’ என்றே எழுதுங்கள். அதுவும் பெயராகத்தான் நிற்கும்; பொருளை விளக்காது. முன்பின் கேளாத மாணவர் ‘உயிர்மறை’யைக் கண்டால் பாதியையாவது தாமே ஊகிப்பார்.

*

அனைவர்க்கும் நன்றி. இதுவரை எழுதிய எழுவரில் நால்வர் ‘உயிர்மறை’யை ஏற்றிருப்பதால் இயலில் அதையே ஆள்கிறேன், முதலில் வருமிடத்தில் ‘அப்ஜது’ என்பதையும், 786 பற்றிய விளக்கத்தையும் சேர்க்கிறேன். ‘உயிர்நிரை’யையும் வைத்துவிட்டேன்.

*

‘உயிர்நிரை’ மட்டும் வேண்டா என்று மன்றாடுகிறேன். யாப்பு படித்த மாணவர் அதை நிரையசை என்றே கொள்வார். அடுத்த பதிப்புக்குள் வேறொரு சொல்லோடு வருகிறேன்.