பெங்கால்ஸின் ஐந்தாவது இடம்: ஜமார் சேஸா, பெனே சூவலா?

முன்வரிசை | 11 ஏப்ரல் 2021

அமெரிக்கக் கால்பந்து (என்எஃப்எல்) டிராஃப்டுக்கு, அதாவது அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்து எடுக்கும் நாளுக்கு, இன்னும் 18 நாள்தான். நம் சின்சினாட்டி பெங்கால்ஸுக்கு ஐந்தாவது இடம். முதல் மூன்று இடங்களில் ஜாக்சன்வில், ஜெட்ஸ், போன மாதம் பேரம் பேசி மேலே ஏறி வந்த சான்பிரான்சிஸ்கோ. மூன்று அணிகளுமே குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) எடுக்கப் போகின்றன என்பது ஊருக்கே தெரியும். நமக்கு அந்தக் கவலை இல்லை, ஜோ பரோ இருக்கிறார். ஆகவே மற்ற கல்லூரி வீரர்களில் முதலாமவரோ இரண்டாமவரோ நம் கைக்கு வந்தே தீருவார்.

என் ஓட்டு குவார்ட்டர்பேக்கைக் காத்து நிற்கும் டாக்கிள், ஓரிகன் பல்கலைக்கழகத்தின் பெனே சூவலுக்கு. காரணம் போன நவம்பர் 22. வாஷிங்டன் ஆட்டத்தில் பரோ இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது தொலைக்காட்சி முன்னால் எழுந்து நின்ற என் பையன், அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்வரை உட்காரவே இல்லை. தசைநார் கிழிந்து பருவமே முடிந்துபோனது. அதுவரை ஆடிய 10 ஆட்டத்தில் அவரை 32 முறை வீழ்த்தியிருந்தார்கள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

சூவல் 2019இல் கல்லூரி ஆட்டத்தின் சிறந்த முன்வரிசை வீரருக்கான அவுட்லண்ட் விருது வாங்கியபோது அவருக்கு வயது 19. ஓரிகனில் ஆடிய காலம் முழுவதும் அவரைத் தாண்டிப் போய் எடுக்கப்பட்ட சேக் ஒன்றே ஒன்று என்று கணக்குச் சொல்கிறார்கள். இப்படி ஒரு டாக்கிள் அடிக்கடி வருவதில்லை.

வரிப்புலி | 11 ஏப்ரல் 2021

அண்ணா, அந்த நாள் எனக்கும் வலிக்கிறது. ஆனால் அந்த ஒரு ஆட்டக்கட்டத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். கால் மாட்டியது ஓரத்திலிருந்து வந்தவரால் அல்ல. ஜோனதன் ஆலன் நம் இடது கார்டைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்து பரோவின் காலருகே விழுந்தார். ஓட்டை உள்ளே இருந்தது. சூவல் நிற்பது ஓரத்தில்.

இடது டாக்கிளுக்கு ஜோனா வில்லியம்ஸ் இருக்கிறார், 2019இல் 11ஆவது இடத்தில் எடுத்தவர். வலது பக்கத்துக்குப் போன மாதம் ரைலி ரீஃபை ஓராண்டு ஒப்பந்தத்தில் கொண்டுவந்துவிட்டார்கள். அப்புறம் ஐந்தாவது இடத்தைச் செலவழித்து எடுத்த சூவலை எங்கே நிறுத்துவீர்கள்? முதல் வருடம் கார்டாகவா?

சேஸ் ரிசீவர், எறிந்த பந்தை ஓடிப் பிடிப்பவர். அவருடைய 2019ஐ எடுத்துக்கொள்ளுங்கள். லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் (எல்எஸ்யூ) 84 கேட்ச், 1,780 யார்டு, 20 டச் டவுன். எறிந்தது யார்? நம் பரோ. 15 ஆட்டமும் வென்ற அணி அது. கிளெம்சனுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் மட்டும் 9 கேட்ச், 221 யார்டு. அன்று சேஸை மறித்த ஏ.ஜே. டெரல் அடுத்த டிராஃப்டிலேயே முதல் சுற்றில் போனவர், சாதாரண ஆள் அல்ல. அதே எல்எஸ்யூ அணியில் இருந்த ஜஸ்டின் ஜெஃபர்சன் போன வருடம் மினசோட்டாவுக்குப் போய் முதல் பருவத்திலேயே 1,400 யார்டு எடுத்தார். 2019 கல்லூரிப் பருவத்தில் அவரைவிட அதிக யார்டும் டச் டவுனும் எடுத்தவர் சேஸ்.

புதுவரவு | 11 ஏப்ரல் 2021

நான் ஊருக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது, தவறாக நினைக்காதீர்கள். சேக் என்றால் பந்தை எறிவதற்குள் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது என்று புரிகிறது. டாக்கிளுக்கும் கார்டுக்கும் என்ன வித்தியாசம்? ஐபிஎல் ஏலம் மாதிரி இரண்டு பேரையும் பணம் கொடுத்து வாங்க முடியாதா?

நதிக்கரை | 12 ஏப்ரல் 2021

தம்பி, இங்கே ஏலம் கிடையாது. போன பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, வென்ற அணிக்குச் சுற்றின் கடைசி வாய்ப்பு. ஒவ்வொரு சுற்றிலும் அணிக்கு ஒருவர், மொத்தம் ஏழு சுற்று. வாய்ப்புகளைக் கைமாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். சம்பளமும் எந்த இடத்தில் எடுக்கப்பட்டார் என்பதைப் பொறுத்து ஏறக்குறைய முன்பே வரையறுத்தது. நாம் ஐந்தாவதாக ஒருவரை எடுத்துவிட்டால் மறுபடி நம் முறை வருவது 38இல். அதற்குள் மற்றவர் போய்விடுவார்.

குவார்ட்டர்பேக்குக்கு எறிய இரண்டரை, மூன்று விநாடி வேண்டும். அதுவரை எதிரிகளை மறிப்பவர்கள் ஐந்து பேர். நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டு, இரண்டு ஓரங்களிலும் டாக்கிள். எதிரணியின் வேகமான வேட்டைக்காரர்கள் பெரும்பாலும் ஓரத்தில் வருவார்கள். பரோ வலக்கைக்காரர். எறியத் திரும்பினால் இடது பக்கம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். அதனால்தான் இடது டாக்கிளுக்கு அவ்வளவு மதிப்பு.

இவ்வளவும் சொன்ன நானும் சேஸ் பக்கம்தான். ஏ.ஜே. கிரீன் அரிசோனாவுக்குப் போய்விட்டார். டைலர் பாய்டும் டீ ஹிக்கின்ஸும் நல்ல ரிசீவர்கள். ஆனால் நெடுந்தூரப் பந்துக்கு ஓடி எதிரணியைப் பயமுறுத்த ஆள் இல்லை. பயம் இல்லாத எதிரணி எல்லோரையும் முன்னால் கொண்டுவந்து பரோ மேல் பாயவிடும். சேஸ் ஓடுகிறார் என்றாலே இரண்டு பேர் பின்னுக்குப் போக வேண்டும். அதுவும் பரோவுக்குப் பாதுகாப்புதானே?

ஏழுகுன்று | 12 ஏப்ரல் 2021

நான் இந்த ஊருக்குப் படிக்க வந்தது 1986இல். ரிவர்ஃப்ரன்ட் மைதானத்தில் ஆன்டனி முன்யோஸ் ஆடியதை நேரில் பார்த்தவன். 1980இல் அவரை மூன்றாவது இடத்தில் எடுத்தபோது பலர் தலையில் அடித்துக்கொண்டார்களாம். முழங்காலில் பல அறுவை சிகிச்சை, கல்லூரியின் கடைசி வருடம் ஏறக்குறைய ஆடவே இல்லை. அந்த மனிதர் 11 முறை தொடர்ந்து, சிறந்த வீரர்களுக்கான ப்ரோ போலுக்குப் போனார். இந்த அணி லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் போல் வரை போனது இரண்டே முறை. இரண்டு முறையும் இடது ஓரத்தில் நின்றவர் அவர்.

ரிசீவரை நம்பி என்ன கண்டோம்? 2011இல் நான்காவது இடத்தில் கிரீனை எடுத்தோம். அருமையான ஆட்டக்காரர், குறையே சொல்ல மாட்டேன். 2011 முதல் 2015 வரை ஐந்து வருடம் பிளே ஆஃப் போனோம், ஐந்து முறையும் முதல் ஆட்டத்திலேயே வெளியே வந்தோம். 2017இல் 40 யார்டை 4.22 விநாடியில் ஓடிய ஜான் ராஸை ஒன்பதாவது இடத்தில் எடுத்தோம். முதல் பருவத்தில் ஒரு கேட்ச்கூட இல்லை. அதே 2017இல்தான் நம் இடது டாக்கிள் ஆண்ட்ரூ விட்வொர்த்தை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குப் போகவிட்டோம். அந்த இடம் இன்றுவரை சரியாக நிரம்பவில்லை. கடைசியாக ஒரு பிளே ஆஃப் ஆட்டம் வென்றது 1991 ஜனவரியில்.

வரிப்புலி | 12 ஏப்ரல் 2021

ஐயா, முன்யோஸ் பற்றி உங்களிடம் வாதாட மாட்டேன். ஆனால் 2015ஐ நீங்கள் சொல்லவில்லை. முதல் சுற்றில் செட்ரிக் ஒபுவேஹி, இரண்டாம் சுற்றில் ஜேக் ஃபிஷர், இருவரும் டாக்கிள். அவர்களை நம்பித்தான் விட்வொர்த்தை விட்டார்கள். இருவரும் நிலைக்கவில்லை. 2018இல் முதல் சுற்றில் எடுத்த சென்டர் பில்லி பிரைஸும் அப்படித்தான். முன்வரிசை ஆளை எடுத்தால் தவறவே தவறாது என்ற பேச்சு இந்த அணியின் வரலாற்றுக்கே பொருந்தாது.

முன்வரிசை | 12 ஏப்ரல் 2021

ஒபுவேஹி 21ஆவது இடம். சூவலை அவரோடு ஒப்பிடுவது நியாயமே இல்லை.

நம் பிரிவில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பிட்ஸ்பர்கில் டி.ஜே. வாட், போன வருடம் 15 சேக். கிளீவ்லண்டில் மைல்ஸ் காரெட், 12 சேக். ஒவ்வொருவரையும் வருடத்துக்கு இரண்டு முறை சந்திக்க வேண்டும். வில்லியம்ஸ் இரண்டு பருவமாகக் காயத்தோடு போராடுகிறார். ரீஃபுக்கு 32 வயது, ஓராண்டு ஒப்பந்தம். இரண்டில் ஒருவர் விழுந்தால் வாட் எதிரே யாரை நிறுத்துவீர்கள்? நல்ல ரிசீவர் இரண்டாம் சுற்றிலும் கிடைப்பார். ஹிக்கின்ஸே 33ஆவது இடம்தானே? பரோவுக்குப் பழக்கமானவர்தான் வேண்டுமென்றால் எல்எஸ்யூவின் டெரஸ் மார்ஷல் இருக்கிறார்.

நதிக்கரை | 13 ஏப்ரல் 2021

அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். இந்த வருடம் டாக்கிள் கூட்டம் பெரிது. ஓக்லஹோமா ஸ்டேட்டின் டெவன் ஜென்கின்ஸ், டெக்சஸின் சாம் காஸ்மி, நோட்ர டாமின் ஐகன்பர்க். இவர்களில் ஒருவராவது 38 வரை இருப்பார். சேஸ்+ஜென்கின்ஸா, சூவல்+மார்ஷலா என்று கேட்டால் நான் முதல் ஜோடியைத்தான் கேட்பேன்.

புதுவரவு | 13 ஏப்ரல் 2021

எல்லாம் படித்தேன், நன்றி அக்கா. இரண்டு பேருமே தொற்றுக் காலத்தில் 2020 பருவத்தை ஆடாமல் ஒதுங்கியவர்கள் என்கிறார்கள். ஒரு வருடம் ஆடாதவர்களை நம்பி எடுப்பது எனக்கு உறுத்துகிறது. அலபாமாவின் டிவோன்டா ஸ்மித் போன பருவம் ஆடி, கல்லூரியின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதே வாங்கியிருக்கிறாரே, அவரைப் பற்றி யாருமே பேசவில்லையே?

வரிப்புலி | 13 ஏப்ரல் 2021

ஸ்மித் அபாரமான ஆட்டக்காரர், சந்தேகமில்லை. உடல் மிக மெலிது. சேஸ் 200 பவுண்டு, பந்தைப் பிடித்த பிறகும் ஆளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடுவார். பரோவோடு கண்ஜாடையிலேயே பேசிக்கொள்ளும் பழக்கமும் ஸ்மித்துக்குக் கிடையாது.

வரிப்புலி | 29 ஏப்ரல் 2021, இரவு

சேஸ்! சேஸ்! சேஸ்!

முன்வரிசை | 29 ஏப்ரல் 2021, இரவு

வாழ்த்துகள், மனதாரச் சொல்கிறேன். இனி அவர் நம் பிள்ளை. சூவல் ஏழாவது இடத்தில் டெட்ராய்ட்டுக்குப் போனார். நாளை 38இல் ஒரு டாக்கிள் எடுக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

முன்வரிசை | 30 ஏப்ரல் 2021, இரவு

அக்கா, பார்த்தீர்களா? 38இல் ஜென்கின்ஸ் காத்திருந்தார். நம்மவர்கள் அந்த இடத்தை நியூ இங்கிலாந்துக்குக் கொடுத்துவிட்டு 46க்கு இறங்கினார்கள். அடுத்த நிமிடமே சிகாகோ 39இல் ஜென்கின்ஸைத் தூக்கிக்கொண்டு போனது. நமக்குக் கிடைத்தவர் கிளெம்சனின் ஜாக்சன் கார்மன். அவரைக் கார்டாக மாற்றப் போகிறார்களாம். நீங்கள் சொன்ன ஜோடியில் பாதிதான் வந்திருக்கிறது.

நதிக்கரை | 30 ஏப்ரல் 2021, இரவு

ஒத்துக்கொள்கிறேன். எனக்கும் ஏமாற்றம்தான்.

ஏழுகுன்று | 22 ஆகஸ்ட் 2021

பயிற்சி ஆட்டங்களில் சேஸ் பந்தைத் தவறவிட்டுக்கொண்டே இருக்கிறார். கல்லூரிப் பந்தில் வெள்ளைக் கோடு உண்டு, இங்கே இல்லை. ஒரு வருடம் ஆடாததன் விலை இது. நமக்கு மறுபடி ஒரு ராஸ் வேண்டாம்.

வரிப்புலி | 2 ஜனவரி 2022

கேன்சஸ் சிட்டிக்கு எதிரே 11 கேட்ச், 266 யார்டு, 3 டச் டவுன். பிரிவுச் சாம்பியன் நாம்! ஐயா, மைதானத்தில் இருந்தீர்களா?

ஏழுகுன்று | 2 ஜனவரி 2022

இருந்தேன். தொண்டை கட்டிவிட்டது. ஆகஸ்டில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

முன்வரிசை | 14 பிப்ரவரி 2022

இரவெல்லாம் தூங்கவில்லை. சூப்பர் போலில் ராம்ஸிடம் 20-23. நேற்று மட்டும் 7 சேக். டென்னசியில் 9 சேக் வாங்கியும் வென்றோம், அது பரோவின் நெஞ்சுரம், கோல் உதைக்கும் மெக்பெர்சனின் கால். வழக்கமான பருவத்தில் பரோவுக்கு 51 சேக், லீகிலேயே அதிகம். பிளே ஆஃபில் இன்னும் 19. ஏழு முறை விழுந்ததில் ஒரு முறை காலைப் பிடித்துக்கொண்டு கத்தினாரே, அப்போது என் பையன் வெளியே போய்விட்டான்.

நான் ஏப்ரலில் பயந்தபடியே ரீஃப் டிசம்பரில் காயமாகி உட்கார்ந்தார். சூப்பர் போலில் வலது ஓரத்தில் ஐசையா பிரின்ஸ் நின்றார். எதிர்ப் பக்கத்தில் 40 வயது விட்வொர்த் கோப்பையைத் தூக்கினார். நாம் அனுப்பிய விட்வொர்த்!

வரிப்புலி | 14 பிப்ரவரி 2022

அண்ணா, நானும் தூங்கவில்லை. 31 வருடம் கழித்து ஒரு பிளே ஆஃப் வெற்றி, அப்புறம் இன்னும் இரண்டு. சேஸ் இல்லாமல் அந்த மேடைக்கே போயிருக்க மாட்டோம். முதல் பருவத்தில் 1,455 யார்டு, 13 டச் டவுன், தாக்குதல் பிரிவில் ஆண்டின் சிறந்த புதுமுகம். சூவல் நன்றாகத்தான் ஆடினார், ஆனால் டெட்ராய்ட் வென்றது மூன்றே ஆட்டம்.

நேற்று கடைசி ஆட்டக்கட்டத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று தெரியவில்லை. ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை, நான்காவது, அதாவது கடைசி முயற்சி, ஒரே ஒரு யார்டு வேண்டும். சேஸ் ஜேலன் ராம்ஸியைத் தாண்டி ஓரமாகத் தனியே ஓடிக்கொண்டிருக்கிறார். ராம்ஸி தடுமாறி விழுந்துவிட்டார். எதிரே யாருமே இல்லை.

முன்வரிசை | 14 பிப்ரவரி 2022

பார்த்தேன் தம்பி. ஆரன் டானல்ட் அதற்குள் பரோவைப் பிடித்துச் சுழற்றிவிட்டார். இன்னும் ஒரு விநாடி கிடைத்திருந்தால்.

வரிப்புலி | 14 பிப்ரவரி 2022

டானல்ட் வந்தது கார்டைத் தாண்டி. டாக்கிளைத் தாண்டி அல்ல.

முன்வரிசை | 14 பிப்ரவரி 2022

சூவல் ஓரத்தில் இருந்திருந்தால் உள்ளே இருப்பவருக்கு உதவ ஓர் ஆள் மிச்சமாகியிருப்பார். ஓரமும் ஓட்டை, உள்ளும் ஓட்டை என்றால் யாருக்கு யார் உதவுவது?

நதிக்கரை | 14 பிப்ரவரி 2022

இருவரும் கொஞ்சம் தூங்குங்கள். இந்த முறை நம் இடம் 31. அயோவாவின் சென்டர் டைலர் லிண்டர்பாம் அதுவரை இருப்பார் என்று நினைக்கிறீர்களா?

ஏழுகுன்று | 14 பிப்ரவரி 2022

இருக்க மாட்டார். மேலே ஏறிப் போயாவது எடுக்க வேண்டும். அதற்கு என்ன விலை கொடுக்கலாம் என்று சொல்லுங்கள்.