மறுமொழி: 'ஷேர் ரேஷியோ'வுக்கு 'ஈடு' என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

டோரண்ட் என்பது, ஒரு கோப்பை இறக்குகிறவர்களே தங்களிடம் வந்த துண்டுகளைப் பிறருக்கும் கொடுக்கும் முறை. அதற்கான செயலியின் தமிழாக்கத்தில் மற்ற சொற்கள் எல்லாம் மளமளவென்று முடிந்துவிட்டன. 'ஷேர் ரேஷியோ', அதாவது ஒருவர் பிறருக்குக் கொடுத்த அளவை அவர் இறக்கிய அளவால் வகுத்தால் வருவது, அந்த ஒரு சொல்லில் மட்டும் ஒரு வாரமாக நிற்கிறோம். அவசரப்பட்டு முடிக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> 'பகிர்வு விகிதம்' என்றே விட்டுவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. போன மாதம் எங்கள் ஊரில் கல்லூரி மாணவர் ஒருவருக்கு லினக்ஸ் நிறுவ உதவினேன். நிறுவல் கோப்பை டோரண்ட் வழியாக இறக்கச் சொல்லிவிட்டு வந்தேன். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார். "விகிதம் 0.12 என்று காட்டுது அண்ணா, 12 சதவீதம்தான் இறங்கியிருக்கா?" என்று கேட்டார். கோப்பு முழுதாக இறங்கி முடிந்திருந்தது. 'விகிதம்' என்ற சொல் எதற்கும் எதற்கும் உள்ள விகிதம் என்று அவருக்குச் சொல்லவே இல்லை. 'பகிர்வு' சேர்த்தாலும் அதே கதைதான். கொடுப்பதும் பகிர்வு, வாங்குவதும் பகிர்வு. மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது?

அந்த 0.12 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், நமக்கு வேண்டிய சொல்லும் அங்கேயே கிடைக்கும். அவர் வீட்டு இணைப்பில் இறக்கம் (டவுன்லோட்) நொடிக்கு 2 மெகாபிட், ஏற்றம் (அப்லோட்) நொடிக்கு 256 கிலோபிட். தொலைபேசிக் கம்பி வழியாக வரும் பழைய ஏடிஎஸ்எல் இணைப்பு. எட்டு பிட் ஒரு பைட் என்பதால், ஏற்றத்துக்கு நொடிக்கு 32 கிலோபைட்டுக்கு மேல் வழியில்லை. 700 மெகாபைட் கோப்பு முழு வேகத்தில் 47 நிமிடத்தில் இறங்கிவிடும். அந்த 47 நிமிடமும் ஓயாமல் பிறருக்குக் கொடுத்திருந்தாலும், எடுத்ததில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் திருப்பியிருக்க முடியாது. அதாவது 0.125. அவர் மேல் ஒரு குறையும் இல்லை.

ஏற்றத்தை முழு அளவுக்குத் திறந்துவிடுவதும் சரியான வழி இல்லை. இறக்கும்போது, வந்து சேர்ந்த தரவுக்கு 'கிடைத்தது' என்ற ஒப்புகை ஏற்றத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அந்த வழி நிரம்பி வழிந்தால் ஒப்புகை மோடத்தின் வரிசையில் மாட்டிக்கொள்ளும், இறக்கமும் படுத்துவிடும். அதனால்தான் உண்மையான ஏற்ற வேகத்தில் 80 சதவீதம் அளவுக்கு வரம்பு வைக்கச் சொல்கிறோம். இவருக்கு நொடிக்கு 25 கிலோபைட். அந்தக் கணக்கில் விகிதம் 1-ஐ எட்ட எட்டு மணி நேரம் ஆகும். அவருடைய திட்டத்தில் இரவு 2 மணி முதல் காலை 8 வரை ஓடும் தரவு மாத வரம்பில் சேராது. அப்படியென்றால் இரண்டு இரவு. ஏற்கெனவே உள்ள 0.12-ஐயும் சேர்த்தால் முதல் இரவிலேயே 0.89 பக்கம் வந்துவிடும்.

இன்னொன்றும் சொன்னேன். ஒரே நேரத்தில் எத்தனை பேருக்குக் கொடுப்பது என்பதை 3 அல்லது 4-க்கு மேல் விடாதீர்கள். பிராம் கோஹன் 2001-இல் வெளியிட்ட பிட்டொரண்ட் என்ற டோரண்ட் முறைக்குள், 'எனக்குக் கொடுப்பவருக்கு நான் கொடுப்பேன்' என்ற விதி இருக்கிறது. செயலி 10 நொடிக்கு ஒருமுறை, தனக்கு நன்றாகக் கொடுக்கிறவர்கள் யார் என்று பார்த்து அவர்களுக்கு வழி திறக்கும். 30 நொடிக்கு ஒருமுறை, அறிமுகமில்லாத ஒருவருக்கும் வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கும். இருக்கிற 25 கிலோபைட்டை இருபது பேருக்குப் பிய்த்துக் கொடுத்தால் ஆளுக்கு ஒன்றேகால் கிலோபைட். அதை யாரும் பொருட்டாக மதித்துத் திருப்பித் தர மாட்டார்கள். நான்கு பேருக்கு ஆளுக்கு ஆறு என்றால் கொஞ்சமாவது மதிப்பு இருக்கும்.

கோப்பைத் தேர்வதிலும் விஷயம் இருக்கிறது. நூற்றுக்கணக்கானோர் ஏற்கெனவே முழுக் கோப்பையும் வைத்துக்கொண்டு கொடுக்கிற இடத்தில், மெதுவான இணைப்புக்காரரைத் தேடி யாரும் வருவதில்லை. உபுண்டு என்ற லினக்ஸ் வகை ஏப்ரலிலும் அக்டோபரிலும் புதிய பதிப்பு விடும் நாளில் வாங்குகிறவர்கள் மொய்ப்பார்கள். அன்றைக்கே சேர்ந்துவிட்டால் நம் 25 கிலோபைட்டும் வீணாகாது.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

> 'கடன் விகிதம்' என்று வைத்தால் திருப்பித் தர வேண்டும் என்பது உறைக்கும்.

இதை நான் ஏற்கமாட்டேன். டோரண்ட்டில் ஒருவர் கொடுப்பதுதான் இன்னொருவர் எடுப்பது. கூட்டம் முழுவதையும் சேர்த்துக் கூட்டினால் ஏற்றமும் இறக்கமும் சமம். சிலர் 3, 4 என்று போனால் வேறு சிலர் 1-க்குக் கீழே நின்றுதான் ஆக வேண்டும். பெரும்பாலும் அந்தச் சிலர் மெதுவான கம்பியில் இருப்பவர்கள். அவர்களைப் பார்த்து 'கடன்காரர்' என்று செயலியே சொல்வது எனக்கு வலிக்கிறது. இறக்கிக்கொண்டிருப்பவரைக் குறிக்கும் 'லீச்சர்'க்கு, இரத்தம் உறிஞ்சும் 'அட்டை' வேண்டாம் என்று நாம் முடிவு செய்ததும் இதே காரணத்துக்காகத்தானே.

'மொய்' என்று வைக்கலாம் என்ற இன்னொரு யோசனையும் வந்தது, அது அழகானது. ஈ மொய்ப்பது போன்ற கூட்டம், மொய் எழுதித் திருப்பிச் செய்வது, இரண்டும் ஒரே சொல்லில் இருக்கின்றன. ஆனால் மொய் நோட்டில் யார் செய்தாரோ அவர் வீட்டு விசேஷத்துக்குத்தான் திருப்பிச் செய்கிறோம். இங்கே கோப்பு முடிந்த பிறகு நாம் கொடுப்பது முகம் தெரியாத வேறொருவருக்கு. ஒரு கோப்பைப் பகிரும் கூட்டத்தின் ('ஸ்வார்ம்') பெயராக 'மொய்' வரட்டும், அதற்கு என் முழு ஆதரவு உண்டு. அளவுக்கு அது பொருந்தாது.

நான் முன்வைப்பது 'ஈடு'. எடுத்ததை ஈடுகட்டுவது என்று வீட்டில் சாதாரணமாகவே சொல்கிறோம். லீவு போட்ட நாளை ஞாயிற்றுக்கிழமை வேலை பார்த்து ஈடுகட்டுகிறோம். இதில் திசை தெளிவாக இருக்கிறது: முதலில் எடுத்தது, பிறகு கொடுத்தது. காலமும் உள்ளே இருக்கிறது, உடனே முடியாவிட்டாலும் மெதுவாக ஈடுகட்டலாம். இடைமுகத்தில் வைத்துப் பாருங்கள்:

'ஈடு: 0.12'
'ஈடு 1.00-ஐ எட்டியதும் கொடுப்பதை நிறுத்து'
'இன்னும் ஈடாகவில்லை'

'ஷேர் ரேஷியோ லிமிட்' என்பது 'ஈட்டு வரம்பு' ஆகிவிடும். டிரான்ஸ்மிஷன் என்ற டோரண்ட் செயலியில் அந்த வரம்பு தொடக்கத்தில் 2 என்று இருக்கும், ஆனால் செயலில் இருக்காது. அதைத் தமிழில் 'இரட்டை ஈடு' என்று விளக்கக் குறிப்பில் எழுதலாம். பட்டியல் நெடுவரிசையிலும் இரண்டெழுத்து அடங்கிவிடும். 'பகிர்வு விகிதம்' அங்கே வெட்டுப்பட்டு 'பகிர்...' என்று நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இன்னொரு பொருத்தமும் தற்செயலாக அமைந்திருக்கிறது. கோப்பை முதன்முதலில் வெளியிடுகிறவர் எதையும் இறக்கவில்லை. பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்பதால் பல செயலிகள் அங்கே முடிவிலிக் குறியைப் போடுகின்றன. நாம் 'ஈடில்லை' என்று எழுதலாம். அவருக்குத் திருப்ப வேண்டியது ஏதும் இல்லை, அவர் கொடுப்பதற்கு நிகரும் இல்லை. ஆனால் இதையே பூஜ்யம் என்று ஒருவர் வாசித்துவிட வாய்ப்பு உண்டு. அதனால் குறியையும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

> இலங்கையில் ஈடு என்றால் அடமானம்தான் நினைவுக்கு வரும்.

உண்மை, ஐயா. இலங்கையில் ஒரு வங்கிக்கே அரச ஈட்டு முதலீட்டு வங்கி என்று பெயர். இங்கே தமிழ்நாட்டிலும் வங்கித் தாள்களில் அந்தப் பொருள் உண்டு. இந்த மறுப்பைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. எனக்குத் தோன்றும் வழி, விருப்பத்தேர்வுப் பலகத்திலும் உதவிப் பக்கத்திலும் முழுவடிவமாக 'பகிர்வு ஈடு' என்று போடுவது. நெடுவரிசையில் மட்டும் 'ஈடு'. சுட்டியை மேலே வைத்தால் 'ஏற்றியது ÷ இறக்கியது' என்ற ஒரு வரி வரட்டும். அந்த ஒரு வரி இருந்திருந்தால் எங்கள் ஊர்ப் பையன் எனக்குப் போன் போட்டிருக்கவே மாட்டார்.

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு நண்பர்கள் 'பகிர்வு ஈடு' என்பதைச் செயலித் திரையில் பார்த்தால் முதலில் என்ன நினைப்பீர்கள் என்று எழுதுங்கள். வீட்டில் டோரண்ட் பழக்கமில்லாத ஒருவரிடம் கேட்டுச் சொன்னால் இன்னும் நல்லது. அதுவரை மொழிபெயர்ப்புக் கோப்பில் அந்த மூன்று வரிகளையும் 'உறுதியாகாதவை' என்று குறித்து வைக்கிறேன்.

அன்புடன்.