பார்பி கம்பெனி ரூத் ஹேண்ட்லர்: உங்களுக்கு நேர்ந்த அனுபவத்தைச் சொல்லுங்கள்

வைகைக்கரை:
பார்பி பொம்மையின் கதை எல்லாருக்கும் தெரியும், நேரே விஷயத்துக்கு வருகிறேன். அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய், இடது மார்பை எடுத்தாகிவிட்டது. டல்லாஸில் எங்களோடுதான் இருந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டுக்குள்கூட முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் நடப்பாள். டாக்டர் எழுதிக்கொடுத்த கடைக்கு ஒருநாள் கூட்டிப் போனேன். அளவெடுத்த அம்மா ஒரு பெட்டியைத் திறந்து, "இது இடது பக்கத்துக்கென்றே செய்தது" என்று சொல்லி அக்காவின் உள்ளங்கையில் வைத்தார். சிலிக்கானில் செய்த செயற்கை மார்பகம், நல்ல கனம். அக்கா பேசவே இல்லை.

'நியர்லி மீ' என்ற இந்தச் சரக்கை ஆரம்பித்ததே பார்பியைக் கண்டுபிடித்த ரூத் ஹேண்ட்லர்தான் என்று அந்த அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். 1970இல் ரூத்துக்கும் ஒரு மார்பை எடுத்திருக்கிறார்கள். அப்போது கடையில் கிடைத்தவற்றில் இடது வலது என்ற வித்தியாசமே கிடையாதாம். செருப்புக்குக்கூட இடது வலது உண்டே! செயற்கை உறுப்பு செய்யும் ஒருவரோடு உட்கார்ந்து முதலில் தனக்குச் செய்துகொண்டார். 1976 வாக்கில் கம்பெனியாக்கி, பெரிய கடைகளுக்கு நேரில் போய்ப் பெண்களுக்குப் பொருத்தியும் விட்டிருக்கிறார். கூட வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் அதே நோயிலிருந்து மீண்டவர்கள்.

திரைக்குப் பின்னாலிருந்து வந்த அக்கா, மடிப்பெடுத்துத் தோளில் பின் குத்தியிருந்தாள். அது இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. கோடிக்கணக்கில் சம்பாதித்த ஒருத்தி, அறுபது வயதில், முன்பின் தெரியாத பெண்களுக்கு அளவெடுத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

ரைன்நதி:
தங்கச்சி, அக்கா நல்லா இருக்கட்டும். ஆனால் "கண்டுபிடித்த" என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜெர்மனியில் ஒரு பழம்பொருள் சந்தையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொம்மையைப் பார்த்தேன். குதிரைவால் கொண்டை, ஓரக்கண் பார்வை, மெல்லிய இடை. பார்பி என்றுதான் நினைத்தேன். கடைக்காரக் கிழவர் தலையாட்டி, "லில்லி" என்றார். 'பில்ட்' பத்திரிகையில் வந்த கேலிச்சித்திரப் பெண். 1955இலேயே பொம்மையாகி விற்பனைக்கு வந்துவிட்டாள், அதுவும் முக்கியமாகப் பெரியவர்களுக்கு. 1956இல் குடும்பத்தோடு சுவிட்சர்லாந்து போன ரூத், லூசெர்ன் நகரக் கடை ஒன்றில் அதைப் பார்த்து வாங்கி வந்தார். 1959 மார்ச் 9இல் நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் பார்பி. லில்லியைச் செய்தவர்கள் வழக்குப் போட்டார்கள், 1963இல் சமரசம் ஆனது, மறு வருடம் லில்லியின் உரிமையையே ரூத்தின் கம்பெனியான மட்டெல் விலைக்கு வாங்கிவிட்டது. அந்தக் கிழவர் முகத்தில் இருந்த வருத்தம் எனக்கு மறக்காது.

தணிக்கைத்தம்பி:
ரைன்நதி அண்ணா, பொம்மையை விடுங்கள். ஆடிட்டர் பயிற்சிக் காலத்தில் எங்கள் சீனியர் மட்டெல் கேஸை வகுப்பில் எடுத்தார். 1970களின் தொடக்கம். பில் போட்டாகிவிட்டது, சரக்கு கோடவுனிலேயே கிடக்கிறது, ஆனால் கணக்கில் விற்பனை ஏறிவிட்டது. அனுப்பியதாகக் காட்டும் ரசீதில் மட்டெல் ஆளே கம்பெனிக்கும் கையெழுத்துப் போட்டு, லாரிக்காரர் இடத்திலும் போட்டிருக்கிறார். சீனியர் அந்த இரண்டு கையெழுத்தையும் போர்டில் வரைந்து காட்டினார். அன்றிலிருந்து எந்த டெலிவரி சலானைப் பார்த்தாலும் என் கண் முதலில் கையெழுத்துக்குத்தான் போகிறது.

ரூத் 1975இல் கம்பெனியை விட்டு வெளியேற வேண்டி வந்தது. 1978இல் குற்றச்சாட்டு, எதிர்த்து வாதாடவில்லை. 57,000 டாலர் அபராதம், 2,500 மணி நேரம் சமூக சேவை. தான் குற்றம் செய்யவில்லை என்றுதான் சொன்னார். பங்கு வாங்கி நஷ்டப்பட்டவர்களைப் பற்றி இங்கே யாருமே பேசவில்லையே?

வார்டுநம்பர்ஏழு:
தம்பி, நஷ்டப்பட்டவர்கள் பாவம்தான். ஆனால் டென்வரில் போலந்திலிருந்து வந்த யூதக் குடும்பத்தில் பத்தாவது பிள்ளையாகப் பிறந்தவர் ரூத், கணவர் எலியட்டோடும் ஹரால்டு மேட்சனோடும் 1945இல் படச்சட்டம் செய்து மட்டெலைத் தொடங்கியவர். கம்பெனி மதிப்புக்குக் கிட்டத்தட்டச் சமமான 5 லட்சம் டாலரை 1955இல் டி.வி. விளம்பரத்தில் போட்ட துணிச்சல்காரி. அவரை ஒரு சலானுக்குள் அடக்க முடியாது.

நான் நர்ஸ். ஒரு அம்மா ஜாக்கெட்டுக்குள் பஞ்சு வைத்துத் தைத்துக்கொண்டு வந்தார். பஸ்ஸில் அது நகர்ந்து மேலேறிவிட்டதாம். சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அவ்வளவுதான் என் கதை.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். காயம் முழுசாக ஆறி, டாக்டர் சரி என்ற பிறகுதான் சிலிக்கான் வைக்க வேண்டும். அதுவரை இலேசான பருத்தியே போதும். ஒருபக்கம் மட்டும் எடுத்திருந்தால் மறுபக்கத்தின் எடைக்குப் பொருந்துகிறதா பாருங்கள். எடை சரியில்லாவிட்டால் தோளும் கழுத்தும் வலிக்கும், பிராவும் ஒருபக்கம் ஏறும். வழக்கமாகப் போடும் ஜாக்கெட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். போட்டுக்கொண்டு குனியுங்கள், கையைத் தூக்குங்கள், உட்காருங்கள். மிதமான சோப்பில் கையால் கழுவித் துடைத்து, அதன் பெட்டியிலேயே வையுங்கள். சேஃப்டி பின் பக்கத்திலேயே வரக்கூடாது. விலை கட்டாது என்றால் நூலில் பின்னிய மார்பகத்தை இலவசமாகத் தரும் தன்னார்வலர்கள் இந்தியாவிலும் இருக்கிறார்கள். வீட்டு ஆண்கள் இதைக் கேட்டு வாங்கிக் கொடுப்பதில் ஒரு கூச்சமும் வேண்டாம்.

தணிக்கைத்தம்பி:
நர்ஸம்மா, கணக்கு விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான், மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்த நூலில் பின்னியது திருச்சியில் இருக்கும் என் அத்தைக்கு வேண்டும். யாரிடம் கேட்பது?

வார்டுநம்பர்ஏழு:
அத்தை சிகிச்சை எடுக்கும் ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவில் கேளுங்கள் தம்பி, அங்கேயே பெரும்பாலும் தெரிந்திருக்கும். எந்தப் பக்கம், என்ன பிரா அளவு என்று அத்தையிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு போங்கள்.